வரைபடத்தின் ஆயுளும் கணினியின் ஆயுளும்

புதிதாக ஒரு கணினியை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் இயந்திர உறுப்புகளையோ வீட்டுப் பிளானையோ வரைவதற்குக் காசு கொடுக்காமல் கிடைக்கக்கூடிய, கேட் எனப்படும் கணினிவழி வரைதல் மென்பொருள் எது என்று விசாரிப்பவர்களுக்கு அநேகமாக ஒரே ஒரு பெயர்தான் பதிலாகக் கிடைக்கிறது. அந்தப் பெயரோ பதில் சொல்லுகிறவரின் பழக்கத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. கேட்டவர் வரையப்போவது லேத்தில் கடைந்தெடுக்க வேண்டிய தண்டா, வெல்டிங் வைக்க வேண்டிய இரும்புச் சட்டமா, இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள வீடா, முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டிய சிறு பிளாஸ்டிக் மூடியா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கணினியின் வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் கணினியின் ஆயுள் சில ஆண்டுகளே. ஒரு பம்பின் உறைக்காக வரைந்த வரைபடமோ, அந்தப் பம்பு ஓடிக்கொண்டிருக்கும் காலம் முழுவதும், சில சமயம் அதை வரைந்தவர் ஓய்வு பெற்ற பிறகுங்கூட, உதிரிபாகத்துக்காக மறுபடியும் மறுபடியும் திறக்கப்படும். ஆகையால், வாங்கியிருக்கும் இயந்திரத்தில் மென்பொருள் எத்தனை விரைவாக ஓடும் என்பதைவிட, இதற்கு அடுத்தும் அதற்கு அடுத்தும் வாங்கப்போகும் இயந்திரங்களில் இந்த வரைபடம் சிதையாமல் திறக்குமா என்பதே முதலில் ஆராய வேண்டிய விஷயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இயந்திரத்தின் பலத்துக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தர வேண்டியதில்லை என்பதற்கு இந்தத் துறையின் ஆதி சரித்திரமே சாட்சி. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஐவன் சதர்லண்ட் என்ற இளைஞர், தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சியாக, ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலைச் சமர்ப்பித்தார். லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டி.எக்ஸ்-2 என்ற கணினியின் திரைமீது ஒளிப்பேனாவை வைத்து அவர் கோடு இழுத்தபோது, அந்த இயந்திரத்துக்கு இருந்த பிரதான நினைவகம் 36 பிட் கொண்ட 65,536 சொற்கள், அதாவது மூன்று லட்சம் பைட்டுக்கும் சற்றுக் குறைவு. இன்று சாதாரணமாக விற்கும் 16 ஜி.பி. நினைவகம் அதைப்போல் ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும், இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்க வேண்டும், இந்த இரண்டு பக்கங்களும் சமநீளமாக இருக்க வேண்டும் என்று வரைகிறவர் நிபந்தனை விதித்தால், கோணலாக இழுத்த உருவத்தை அந்த நிபந்தனைகளுக்கு இணங்கத் தானே நிமிர்த்திக்கொள்ளும் ஆற்றல் ஸ்கெட்ச்பேடுக்கு இருந்தது. இன்று நாம் உபயோகிக்கும் மென்பொருள்களின் உயிர்நாடியான கருத்து அது.

உருவத்தைக் கணினி எந்த ரூபத்தில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதைப் பிறரைக் கேட்காமலே தீர்மானித்துவிடலாம். தட்டையான இருபரிமாண வரைபடத்தில் தொடங்குவோம். காகிதத்தில் ஸ்கேலும் காம்பஸும் கொண்டு வரைந்ததையே திரையில் வரைவது இது. 1982ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்டோகேட் வெளிவந்தபோது, மற்ற நிரல்களோடு வரைபடங்களைப் பரிமாறிக்கொள்வதற்காக டி.எக்ஸ்.எஃப். என்ற கோப்பு முறையும் அதனுடன் வந்தது. அப்படிப்பட்ட கோப்பு ஒன்றை, கடிதம் எழுத உதவும் சாதாரண நோட்பேடில் திறந்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரியில் 0 என்ற எண், அடுத்த வரியில் லைன் என்ற சொல்; பிறகு 8 என்ற எண், அதன் கீழே அந்தக் கோடு எந்த லேயரைச் சேர்ந்தது என்பது; பிறகு 10, 20 என்ற எண்களின் கீழே கோடு தொடங்கும் புள்ளியின் குறுக்கு அளவும் நெடுக்கு அளவும்; 11, 21 என்ற எண்களின் கீழே அது முடியும் புள்ளியின் அளவுகள். இவ்வளவுதான் ஒரு கோடு. எந்த மென்பொருளும் இல்லாமற்போனாலும், பொறுமையுள்ள ஒரு மனிதர் இதைப் படித்துக் காகிதத்தில் வரைந்துவிட முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த முறை வழக்கில் இருப்பதன் காரணம் விளங்கும்.

லிப்ரேகேட் என்ற மென்பொருள் டி.எக்ஸ்.எஃப்.பையே தன் இயல்பான கோப்பாகக் கொண்டது. சுவிட்சர்லாந்தில் ஆண்ட்ரூ மஸ்டன் தொடங்கிய கியூகேட் என்ற நிரலின் பொதுப் பதிப்பிலிருந்து கிளைத்து வந்தது இது. மூல நிரலான கியூகேடும் தனியே வளர்ந்து, அதன் பொதுப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. வீட்டுப் பிளான், தகடு வெட்டும் லேசர் இயந்திரத்துக்கான உருவம், மின் இணைப்புப் படம் ஆகியவற்றுக்கு மேல் வேறு எதுவும் வரையப் போவதில்லை என்பவர்கள், முப்பரிமாண மென்பொருளின் சிக்கலில் தலையைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இவ்விரண்டில் ஒன்றை நிறுவிக்கொண்டு மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.

கன உருவங்களின் விஷயம் வேறு. இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள். சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் சித்திரங்கள் செய்யும் பிளெண்டர் என்ற அற்புதமான இலவச மென்பொருள் இருக்கிறது; அதன் அழகில் மயங்கி, இயந்திர உறுப்பையும் அதிலேயே செய்துவிடலாம் என்று துணிகிறவர்கள் பலர். பிளெண்டரில் பிரதானமாகக் கையாளப்படும் உருவங்கள் மெஷ் எனப்படும் வலைப்பின்னல். அதாவது முக்கோணங்களும் நாற்கோணங்களுமாகிய சிறுசிறு தட்டையான முகங்களை ஒட்டவைத்து ஆனவை. விட்டம் 50 மில்லிமீட்டர் கொண்ட ஒரு தண்டை 32 பக்கங்கள் உள்ள பட்டகமாக வைத்துக்கொண்டால், கண்ணுக்கு அது உருளையாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான வட்டத்தைவிட 0.12 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். பேரிங் அமர வேண்டிய இடத்தில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பார்த்துப் பார்த்துக் கடைகிற லேத்துக்காரர் இதை எப்படி ஏற்றுக்கொள்வார்? பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிழை குறையும், மறையாது. கோப்போ பெருத்துக்கொண்டே போகும். முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அச்சுக்கு அனுப்ப அது போதும். வரைபடத்தைப் பாதுகாத்து வைக்க அது போதாது. எஸ்.டி.எல். ஒன்றை மட்டும் சேமித்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டவர், துளையின் விட்டத்தை அரை மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டி வரும்போதுதான், அதில் துளை என்ற ஒன்றே இல்லை, முக்கோணக் குவியல்தான் இருக்கிறது என்பதை உணருவார்.

இயந்திர உறுப்புக்குத் தேவைப்படுவது எல்லைப்பரப்புகளால் உருவத்தைக் குறிக்கும் முறை. இதில் உருளை என்றால் அச்சு, ஆரம், உயரம் ஆகியவற்றைக் கொண்ட உண்மையான உருளைதான்; வளைந்த முகங்களையும் அவை சந்திக்கும் விளிம்புகளையும் கணித சமன்பாடுகளாகவே கணினி வைத்துக்கொள்ளும். ரெனோ கார்க் கம்பெனியில் பியர் பெசியேயும், சித்ரோவெனில் பால் தெ காஸ்தெல்ஜோவும் காரின் மேற்கூட்டு வளைவுகளுக்காக வகுத்த கணிதமும், கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு 1970களில் கன உருவங்களைப்பற்றிச் செய்த ஆராய்ச்சியும் இதற்கு அஸ்திவாரம். இந்தக் கணிதத்தையெல்லாம் பிழையின்றிச் செய்துமுடிக்கும் உள்நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். இரண்டு வளைந்த பரப்புகள் சந்திக்கும் கோட்டைக் கண்டுபிடிப்பதும், அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இக்கட்டான நிலைகளில் சரியாகத் தீர்மானிப்பதும் சாமானியமான காரியம் அல்ல. ஓய்வு நேரத்தில் உழைக்கும் சில தொண்டர்களால் நிறைவேற்றக் கூடியதும் அல்ல. பிரான்சில் மாத்ரா டேட்டாவிஷன் என்ற ஸ்தாபனம் தான் உருவாக்கிய கெர்னலை 1999ஆம் ஆண்டில் மூல நிரலுடன் உலகத்துக்குத் திறந்துவிட்டது. ஓப்பன் காஸ்கேட் என்பது அதன் பெயர். அந்த ஒரு செயல் நடந்திராவிட்டால், இன்று காசில்லாமல் ஒரு பம்பு உறையை முறையாக வடிவமைப்பது நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாகவே இருந்திருக்கும்.

அந்தக் கெர்னலின் மேல் எழுந்ததுதான் ஃப்ரீகேட். யூர்கன் ரீகெல், வெர்னர் மேயர் ஆகியோர் 2002இல் முதற்பதிப்பை வெளியிட்டார்கள், 1.0 என்ற எண்ணைத் தாங்கிய பதிப்பு 2024 நவம்பரில்தான் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஏன் ஆயின என்பதை விளக்கினால், இந்த வகை மென்பொருளின் உள்ளமைப்பே வாசகர்களுக்குப் புலப்படும்.

ஒரு ஃபிளாஞ்ச் வரைவதாக வைத்துக்கொள்வோம். வெளி விட்டம் 120, கனம் 12, துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டமாகிய பி.சி.டி. 90, அதில் 10 மில்லிமீட்டர் துளைகள் நான்கு. முதலில் ஸ்கெட்ச்சில் வட்டம் போட்டு விட்டத்தைக் குறிக்கிறோம், அதைக் கனமாக்குகிறோம், மேல்முகத்தைத் தொட்டு அதன்மேல் துளைகளுக்கான ஸ்கெட்ச்சைப் போடுகிறோம், விளிம்பைத் தொட்டுச் சேம்ஃபர் என்ற சாய்வெட்டு வைக்கிறோம். மென்பொருள் முடிந்த உருவத்தை மட்டும் அன்றி, அதைச் செய்த இந்த வரிசையையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நாளைக்கு வாடிக்கையாளர் வந்து கனம் 16 வேண்டும் என்றால், ஒரே ஓர் எண்ணை மாற்றுவதுதான் நம் வேலை. மற்றப் படிகளை அது தானே திரும்பச் செய்துகொள்ளும். இதில் பேராபத்து ஒன்று மறைந்திருந்தது. நாம் தொட்ட மேல்முகத்தை மென்பொருள் எப்படிக் குறித்துக்கொண்டது? முகம் 6, விளிம்பு 13 என்று வெறும் எண்ணால்தான். முதல் ஸ்கெட்ச்சில் ஓரத்தில் ஒரு சிறு வெட்டைச் சேர்த்துவிட்டால் புதிய முகங்கள் பிறக்கின்றன. எண்கள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து போடப்படுகின்றன. தெருவின் நடுவே புதிதாக இரண்டு வீடுகள் எழும்பிக் கதவு எண்களை நகராட்சி மாற்றிவிட்ட பிறகு, பழைய எண்ணைப் பார்த்துத் தபால்காரர் கடிதத்தை அயல் வீட்டில் கொடுத்துவிடுவது போல, மேல்முகத்தில் இருக்க வேண்டிய துளைகள் பக்கவாட்டில் போய் நிற்கும், அல்லது வரைபடமே சிவப்புக் குறியோடு முறிந்துபோகும். பல ஆண்டுகளாக ஃப்ரீகேடைப் பழக வந்தவர்களில் எத்தனையோ பேர் மனமுடைந்து விலகியதற்கு இந்த ஒரு குறையே காரணமாயிருந்தது. முகத்தை எண்ணால் மட்டும் அல்லாமல், அது எந்த ஸ்கெட்ச்சின் எந்தக் கோட்டிலிருந்து எந்தப் படியில் பிறந்தது என்ற வம்சாவளியாலும் அடையாளம் காணும் முறை 1.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. குறை அடியோடு ஒழிந்துவிடவில்லை என்றாலும், பெரும்பாலும் தணிந்துவிட்டது. ஆகையால் புதிய கணினியில் ஃப்ரீகேடை நிறுவுகிறவர்கள் 1.0க்கு முந்தைய பதிப்பை எக்காரணம் கொண்டும் நாட வேண்டாம்; பழைய பதிப்பை வைத்து இந்த மென்பொருளைப்பற்றிச் சொல்லப்படும் குறைகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜானதன் வெஸ்ட்ஹியூஸ் எழுதிய சால்வ்ஸ்பேஸ் சில மெகாபைட்டுகளே கொண்ட சிறு நிரல். நிபந்தனைகளைத் தீர்ப்பதில் வெகு நேர்த்தியானது. சிறு உறுப்புகளுக்கும் நெம்புகோல் அமைப்புகளின் அசைவைப் பார்ப்பதற்கும் போதுமானது. ஓப்பன்எஸ்கேட் என்பதில் சுட்டியால் வரைவதே இல்லை. கனசதுரத்தைப் போடு, அதிலிருந்து உருளையைக் கழி என்று உத்தரவுகளை வரிவரியாக எழுத வேண்டும். கணிதப் பழக்கமும் நிரல் எழுதும் ஆசையும் உள்ளவர்களுக்கு இது விருந்து, மற்றவர்களுக்குச் சிரமம்.

இனி, புதிய கணினி என்பதனால் ஏற்படும் விசேஷங்களுக்கு வருவோம். முதலாவது, செயலியின் ஜாதி. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் இன்டெல் செயலிக்குப் பதிலாகத் தன் எம் 1 செயலியைக் கொண்டுவந்தது. விண்டோஸ் மடிக்கணினிகளிலும் ஆர்ம் வகைச் செயலிகள் இப்போது வருகின்றன. பழைய வகைக்காகச் செய்த மென்பொருள் இவற்றில் மொழிபெயர்ப்பு அடுக்கு ஒன்றின் தயவில்தான் ஓடும். அந்த அடுக்கு என்றென்றைக்கும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மூல நிரல் திறந்திருக்கும் மென்பொருளின் பலம் இங்கேதான் தெரிகிறது: புதிய செயலிக்காக அதை மறுபடி உருவாக்க எவருக்கும் உரிமை உண்டு; மாக் கணினியின் புதிய செயலிக்கென்றே செய்த ஃப்ரீகேட் பதிப்பு இவ்வாறே கிடைக்கிறது. பதிவிறக்கும்போது நம் செயலிக்கு உரிய கோப்பைத்தான் எடுக்கிறோமா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, செயலியில் எட்டுக் கோர், பதினாறு கோர் என்று கடைக்காரர் சொல்லும் பெருமை. ஃபிளாஞ்சின் கதையை நினைத்துக்கொண்டால் இதன் உண்மை விளங்கும். துளை போட வேண்டுமானால் முதலில் கனம் உண்டாகியிருக்க வேண்டும். சேம்ஃபர் வைக்க விளிம்பு உண்டாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தையதற்காகக் காத்திருப்பதால், பதினாறு பேரை நிறுத்தினாலும் பெரும்பாலான நேரம் ஒருவர்தான் வேலை செய்வார். எனவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே இங்கே பிரயோஜனப்படுவது. இதற்கு விதிவிலக்கு ஓப்பன்எஸ்கேட். 2021ஆம் ஆண்டின் நிலைப்பதிப்பு, எண்களைப் பின்னங்களாகவே வைத்துத் துளியும் பிழையின்றிக் கணக்கிடும் முறையைக் கையாண்டதால், சிக்கலான உருவங்களுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த வளர்ச்சிப் பதிப்புகளில் சேர்க்கப்பட்ட மேனிஃபோல்ட் என்ற நிரல்தொகுதி வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட்டு, முன்பு காத்துக்கிடந்த உருவத்தைச் சொற்ப நேரத்தில் தந்துவிடுகிறது. புதிய கணினி வைத்திருப்பவர் அந்தப் பதிப்பையே நாட வேண்டும்.

கிராஃபிக்ஸ் அட்டைக்காகத் தனியே செலவு செய்ய வேண்டுமா என்றால், ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட அசெம்பிளியை வைத்துக்கொள்ளாதவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்லுவேன். செயலியோடு சேர்ந்து வருவதே போதும். திரையை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட புதுத் திரையில், பழைய மென்பொருளின் சின்னங்களும் எழுத்துகளும் கடுகளவாகச் சுருங்கி, நாள் முழுவதும் வரைகிறவரின் கண்ணைக் கெடுத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, காசு கேட்காத எல்லா மென்பொருளையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டஸ்ஸோ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டிராஃப்ட்சைட் என்ற இருபரிமாண மென்பொருள், ஆட்டோகேடுக்குப் பதிலாகப் பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்து, உலகெங்கும் சிறு அலுவலகங்களில் வேரூன்றியது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கட்டணம் என்று நிறுவனம் அறிவித்தது. பழைய இலவசப் பதிப்புகளும் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதிக்குப் பிறகு ஓடாது என்றும் அறிவித்தது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபியூஷன் என்ற முப்பரிமாண மென்பொருள் மிக்க வல்லமை உள்ளது. தனிமனிதரின் சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஆனால் 2020இல் ஒரே சமயத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்துதான் என்று வரம்பு வந்தது. மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய ஸ்டெப் என்ற பொதுக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியையும் அப்போது நீக்குவதாக அறிவித்து, உபயோகிப்போரின் ஆட்சேபத்துக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். ஆன்ஷேப் என்ற இணையவழி மென்பொருளின் இலவசக் கணக்கில் செய்யும் வரைபடங்கள் உலகத்தார் எல்லாரும் காணத் திறந்திருக்கும். வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. நிறுவனங்கள் தம் பொருளுக்கு விலை வைப்பது நியாயமே. அதைக் குறைகூற எனக்கு எண்ணமில்லை. ஆயினும் பத்தாண்டு உழைப்பை ஒருவர் எங்கே வைக்கிறார் என்பதை அவர் தெரிந்து வைக்க வேண்டும். ஜி.பி.எல்., எல்.ஜி.பி.எல். ஆகிய திறந்த மூல உரிமங்களில் வெளிவந்த பதிப்பை, வெளியிட்டவரே நினைத்தாலும் நம்மிடமிருந்து திரும்பப் பெற முடியாது. இன்று பதிவிறக்கி வைத்த ஃப்ரீகேட், அதன் ஆசிரியர்கள் எல்லாரும் நாளையே வேறு தொழிலுக்குப் போனாலும் ஓடும்.

ஃப்ரீகேடின் கோப்பு முறையிலும் இதே திறந்த தன்மை இருக்கிறது. ஃப்ரீகேடின் கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்து, அதன் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே எக்ஸ்.எம்.எல். எழுத்தில் நாம் செய்த படிகளின் வரிசையும் நாம் கொடுத்த அளவுகளும் படிக்கக்கூடியபடி இருக்கும். உருவத்தை மட்டும் பிறருக்குக் கொடுக்க, ஐ.எஸ்.ஓ. 10303 என்ற சர்வதேசத் தரமாகிய ஸ்டெப் இருக்கிறது. அதுவும் எழுத்துக் கோப்புதான். அதில் உருளை உருளையாகவே போய்ச் சேரும், பேரிங் அமரும் இடம் பல்கோணம் ஆகாது. செய்த வரிசை மட்டும் அதில் போகாது என்பதால், மூலக் கோப்பு, ஸ்டெப் கோப்பு இரண்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டட வரைஞர்களிடையே நடமாடும் டி.டபிள்யூ.ஜி. கோப்பின் அமைப்பை அதன் உரிமையாளர் முறையாக வெளியிட்டதில்லை. ஆட்டோகேடின் பதிப்புகள் மாற மாற அதுவும் மாறிவந்திருக்கிறது. லிப்ரேகேட் அதை ஓரளவே படிக்கும். ஃப்ரீகேடுக்கு மாற்றித் தரும் துணை நிரல் ஒன்று தேவை. தினந்தோறும் அந்தக் கோப்புகளை வாங்கித் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இலவச மென்பொருள்கள் இடைஞ்சலாகவே இருக்கும்; எதிர்த்தரப்பினர் டி.எக்ஸ்.எஃப். கொடுக்கச் சம்மதித்தால் பெரும்பகுதி தீரும்.

தேர்ந்தெடுக்கும் முறையைப்பற்றி என் யோசனை இதுதான்: விளம்பரத்தில் வரும் அழகான மாதிரிகளை விட்டுவிட்டு, ஏற்கெனவே கடைந்து கொடுத்து அளவு சரியென்று தெரிந்த பழைய ஜாப் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் புதிய கணினியில் புதிய மென்பொருளில் முதலிலிருந்து வரைய வேண்டும். பிறகு ஆரம்ப ஸ்கெட்ச்சில் ஓர் அளவை மாற்றி, கடைசிப் படிவரை உருவம் முறியாமல் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அதன் பின் ஸ்டெப்பாக வெளியே எடுத்து, வேறு ஒரு மென்பொருளில், முடிந்தால் நண்பர் ஒருவரின் வேறு வகைக் கணினியில், திறந்து, ஒரு துளையின் விட்டத்தையும் இரண்டு துளைகளின் மையத் தூரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அளவுகள் ஒத்திருந்தால் அந்த மென்பொருளை நம்பி அடுத்த ஜாப்பைத் தொடங்கலாம். ஒத்திராவிட்டால், பழைய வரைபடங்களையெல்லாம் அதற்கு மாற்றுவதற்கு முன்பே அது தெரிந்துவிடுகிறது.